கதவோரம் நின்று எடுத்த வகுப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டும், ஊருக்குப் போடுகிற கார்டும்தான். முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். பாதி மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். வேலை பார்த்த கடைசி வருஷங்களில், புதிதாக வகுப்பு எடுக்க வருகிற ஆராய்ச்சி மாணவர்களைப் பழக்குகிற பொறுப்பும் அவளிடம் இருந்தது. இப்போது அவளும் அவளோடு வேலை பார்த்தவர்களும் சேர்ந்து ஒரு புத்தகம் போடுகிறார்கள். முதல் வகுப்பு எடுக்க யார் யார் எப்படிப் பழகினார்கள் என்று ஆளுக்கொரு கட்டுரை. அவளுடையதை என்னை எழுதச் சொல்லிவிட்டாள். நான் எழுதினால் ரெண்டு பக்கத்தில் முடித்துவிடுவேன், நீங்கள்தான் கூடவே இருந்தீர்கள், நீங்களே எழுதுங்கள் மதினி என்றாள். எவ்வளவோ மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

நான் கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்து ஆறு ஏழு வருஷம் ஆகியிருக்கும். வீட்டில் மாமனார், என் வீட்டுக்காரர், நான், எங்கள் சின்ன மகள். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். மாமாவுக்குக் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் குளத்துப் பாசனத்தில் வயல் இருந்தது. காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் கிளார்க். நாத்தனார் எம்.ஏ. முடித்து, வெளியூர் யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் இருந்தாள்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் விளங்காது. வீட்டின் நடுவில் பட்டாசல் இருந்தது, பெரிய கூடம் மாதிரி. அதில்தான் மாமா ஈசிசேரைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு கனத்த கதவு. மாமா உள்ளே வரும்போது வாசலிலேயே தொண்டையைச் செருமுவார். பட்டாசலில் இருக்கிற பெண்கள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். பேச்சு எதுவானாலும் அங்கே நின்றுதான். சாப்பாடு ஆயிட்டு, தபால் வந்திருக்கு, பால்காரர் வந்தார், எல்லாம் கதவுக்குப் பின்னால் இருந்துதான் சொல்லுவோம். மருமகளான எனக்கு மட்டுமில்லை, பெற்ற மகளுக்கும் அதே வழக்கம். யாரும் யாரையும் அதட்டி அப்படிச் செய்ய வைக்கவில்லை. மாமாவின் செருமல் கேட்டதும் கால் தானாகப் போகும். மாமாவும் அடுக்களைப் பக்கம் திரும்ப மாட்டார். தெருவைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொல்லுவார்.

அந்த வருஷம் மே மாசம் லீவுக்கு நாத்தனார் வந்தபோது முகமே சரியில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்துக் கூழ்வத்தல் ஊற்றப் போனோம். நான் ஊற்ற ஊற்ற அவள் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சொன்னாள்.

யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி மாணவர்கள் சிலருக்கு, பக்கத்தில் இருந்த காலேஜில் பி.ஏ. பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிற வேலை கொடுப்பார்களாம். ட்யூட்டர் என்று பெயர். அந்த வருஷம் அவள் பெயரையும் எழுதியிருந்தார்கள். ஆனால் நேராக வகுப்புக்கு அனுப்பிவிட மாட்டார்கள். அவர்கள் பேராசிரியர் முதலில் பழக்குவார். கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகளுக்கு முழு முதுகையும் காட்டக்கூடாது. கேள்வி கேட்டால் பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் பெஞ்சைப் பார்த்துப் பேசக்கூடாது, கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேச வேண்டும். இப்படி நிறைய. பிறகு ஒவ்வொருவரும் நிஜப் பிள்ளைகளை வைத்துக் கால் மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். கூடப் பழகுகிற மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து குறை சொல்லுவார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை பாடம் எடுத்தவர் பதில் பேசக்கூடாது.

இவள் முறை வந்ததாம். நன்றாகத்தான் ஆரம்பித்தாளாம். பாதியில் பேராசிரியர் உள்ளே வந்தார். அவர் வயசானவர், வழுக்கை, வேட்டி சட்டை. வரும்போது லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தாராம்.

"அவ்வளவுதான் மதினி. முந்தானைய இழுத்துப் போட்டேன். கதவுக்குப் பின்னால போயிட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. எந்தக் கதவு என்று கேட்டேன். வகுப்புக் கதவுதான் என்றாள். உள்பக்கம் திறக்கிற கதவாம். அதற்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாளாம். பிள்ளைகள் வகுப்பு முடிந்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிட்டார்கள். காற்றுக்குக் கதவைச் சாத்தப் போகிறாள் என்று கூடப் பழகுகிறவர்கள் நினைத்தார்களாம். பேராசிரியர் பெஞ்சில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாடம் எங்கேம்மா?" என்று கேட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியில் இருந்த கூழ் பாதி வேட்டியிலும் பாதி தரையிலும் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

குறை சொல்கிற நேரத்தில் ஒருத்தி, சத்தம் போதாது என்றாளாம். ஒருவர் சாக்பீஸ் கிரீச்சிடுகிறது என்றார். இன்னொருவர் எழுந்து, குறை சொல்ல வகுப்பில் ஆசிரியரையே காணோம் என்றாராம். பேராசிரியர் சிரிக்கவில்லை. வகுப்பு நடக்கும்போது பிரின்சிபால் வருவார், பிள்ளையைத் தேடித் தகப்பனார் வருவார், யார் வந்தாலும் பாடம் நிற்கக்கூடாது, அதைப் பார்க்கத்தான் நான் வேண்டுமென்றே பாதியில் வந்தேன் என்று சொன்னாராம். லீவு முடிந்து இன்னொரு தடவை எடுத்துக் காட்ட வேண்டும், அப்போதும் நான் பாதியில்தான் வருவேன், அன்றைக்கும் பாடம் நின்றால் அந்த இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார். அதுவரை வீட்டில் வயசான ஆண் யாரையாவது எதிரில் உட்காரவைத்துத் தினமும் பாடம் சொல்லிப் பழகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த ட்யூட்டர் இடம் போனால் போகட்டும் என்று விட முடியாத நிலைமை அவளுக்கு. அவளை வெளியூரில் தங்க விடும்போதே மாமா சொல்லியிருந்தார், எம்.ஏ. முடிந்தாயிற்று, இன்னும் ஒரு வருஷம் பார்ப்பேன், வேலை என்று ஒன்று கையில் இருந்தால் அங்கே இரு, இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடு என்று. அந்த ஒரு வருஷம் முடியப் போகிறது. ட்யூட்டர் வேலை இல்லையென்றால் ஆராய்ச்சியும் அதோடு சரி.

எங்கள் வீட்டில் வயசான ஆண் என்றால் மாமா ஒருவர்தான்.

முதலில் வீட்டுக்காரரிடம் சொன்னோம். தங்கச்சி கதவுக்குப் பின்னால் போன கதையைக் கேட்டுவிட்டு அவர் சாப்பாட்டில் இருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏட்டி, ரேடியோவுல பேசுத பொம்பளய எவனாவது பாத்திருக்கானா? நீயும் ஒரு பொட்டிக்குள்ள உக்காந்துக்கோ. நான் வகுப்புல கொண்டு வச்சிட்டு வந்திருதேன்."

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்புறம் அவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவிடம் நான் எப்படிச் சொல்ல, நீயே சொல்லிப் பாரு என்று என் தலையில் கட்டிவிட்டார்.

மாமாவிடம் அதுவரை நானாக எதையும் கேட்டதில்லை. சாப்பாடு, தபால், பால் தவிர வேறு பேச்சு கிடையாது. மறுநாள் மதியம் அவர் சாப்பிட்டுவிட்டு ஈசிசேரில் பேப்பரை விரித்த பிறகு, கதவுக்குப் பின்னால் நின்று மாமா என்று கூப்பிட்டேன். ம் என்றார். அவளுக்கு ஒரு ஒத்தாசை வேணுமாம் என்றேன்.

"ஏன், அவளுக்கு வாய் இல்லயா? அவளே கேக்கட்டும்."

"அதான் மாமா, வாய்தான் வரமாட்டேங்குது. அதுக்குத்தான் ஒத்தாசை."

  பேப்பரை இறக்கிவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், கதவு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. பெரியவர்கள் எதிரில் பேசிப் பழக வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன். நாளைக்கு இதே நேரம் வரச் சொல்லு என்றார்.

மறுநாள் நாத்தனார் நல்ல சேலை கட்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு பட்டாசலில் போய் நின்றாள். நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடம், வெள்ளைக்காரன் காலத்தில் நிலத்துக்குத் தீர்வை போட்ட முறை. அவள் தரையைப் பார்த்தாள். மாமா ஜன்னலைப் பார்த்தார். இவளுடைய வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது, சத்தம் வரவில்லை. மாமா பேப்பரை எடுத்தார், வைத்தார், காலை நீட்டினார், மடக்கினார். மகளை இவ்வளவு நேரம் எதிரில் நிறுத்திப் பார்த்து அவருக்கும் பழக்கமில்லைதானே. அவரும் சங்கடப்பட்டுத்தான் போனார். மூன்றாம் நாளும் இப்படியே நடக்கவும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னட்டி முணுமுணுக்க? ஒண்ணும் காதுல விழல. நீ எப்பவும் நிக்கிற இடத்துல போய் நின்னு சொல்லு."

அவள் விறுவிறு என்று அடுக்களைக்குள் வந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கண்ணில் தண்ணீர். நான் அருவாமணையில் வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். ஒரு மூச்சு விட்டுவிட்டு ஆரம்பித்தாள் பாருங்கள், தெரு வரைக்கும் கேட்டது. கேட்காமல் என்ன? சின்னப் பிள்ளையில் இருந்து அந்த இடத்தில் நின்று, பட்டாசலைத் தாண்டி வாசல் வரை கேட்கிற மாதிரிச் சொல்லிப் பழகிய குரல் அது. கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே மாமாவுக்குப் பாடம் சொன்னாள். ஜமீன்தார் மூலமாக வரி வாங்கின முறை ஒன்று, அரசாங்கமே நேராக விவசாயியிடம் வாங்கின ரயத்துவாரி முறை ஒன்று. எனக்கே விளங்கியது. மாமாவும் நடுவில் ம், ம் என்று சொல்ல ஆரம்பித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா மோருக்கு வந்தார்கள். "உங்க வீட்டுல மத்தியானம் என்ன கதாகாலட்சேபமா நடக்கு? ஒரு ஹார்மோனியப் பொட்டியும் வாங்கிப் போட்ருங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

குரல் வந்துவிட்டது. ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று காலேஜில் பாடம் சொல்ல முடியாதே. அவளை வெளியே கொண்டுவர வேண்டும். ஒருநாள் நான் கதவுக்குப் பின்னால் புளிப்பானையையும், அதற்குப் பக்கத்தில் அரிசி மூட்டையையும் நகர்த்தி வைத்துவிட்டேன். நிற்க இடமில்லை. என்ன மதினி என்றாள். இத வைக்க வேறு இடம் இல்லைட்டி, இங்கனதான் இருக்கணும் என்று சொல்லிவிட்டேன். அவள் கதவு நிலையை ஒட்டி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றாள். முதல் நாள் குரல் கொஞ்சம் இறங்கியது. மூன்று நாலு நாளில் பழையபடி ஆயிற்று. நிலையை விட்டு ஒரு அடி தள்ளி வந்தால் மட்டும் குரல் போய்விடும். எத்தனையோ தடவை செய்து பார்த்தோம். நிலையில் தோள் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், அப்படியானால்தான் பேச்சு வரும். அதற்கு மேல் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் பெரிய விஷயம் நடந்துவிட்டது. பாடத்தின் நடுவே மாமா வாயைத் திறந்து, தீர்வை ஒருதரம் போட்டால் போட்டதுதான், எங்கள் தாத்தா கட்டினதைத்தான் நானும் கட்டுகிறேன் என்றார்.

"இல்லப்பா" என்றாள் இவள்.

 அந்த வீட்டில் மாமா சொன்னதற்கு இல்லை என்று ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. வீட்டுக்காரர் கூட, பார்க்கலாம்ப்பா என்றுதான் சொல்லுவார்.

"மாத்தாம இருந்தது ஜமீனுக்கு. ரயத்துவாரியில முப்பது வருசத்துக்கு ஒருக்கா மாத்துனாங்க."

"அப்ப எங்க தாத்தா சொன்னது பொய்ங்கியா?"

"பொய்யில்லப்பா. பொறகு மாத்துறத நிறுத்திட்டாங்க. அதனால உங்களுக்குத் தெரியல. அதுக்கு முன்னால மாத்தித்தான் இருக்காங்க."

மாமா பேப்பரை மடித்து ஈசிசேரில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். காப்பி குடிக்கக்கூட வரவில்லை. இருட்டின பிறகுதான் வந்தார்.  இனி யுனிவர்சிட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நாத்தனாருக்குப் பயம். எனக்கும்தான். உனக்கு அந்தச் சொல் எப்படி வாயில் வந்தது என்று கேட்டேன். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் உடனே திருத்த வேண்டும், விட்டுவிட்டால் எல்லோரும் தப்பாக எழுதிக்கொள்வார்கள் என்று பேராசிரியர் பழக்கியிருக்கிறார், அதுதான் வந்துவிட்டது என்றாள். அப்பா என்கிற நினைப்பே அந்த நேரத்தில் இல்லையாம்.

மறுநாள் மதியம் மாமா வழக்கம்போல் ஈசிசேரில் உட்கார்ந்தார். நாங்கள் ரெண்டு பேரும் அடுக்களையில் இருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். இவள் போகவில்லை. மறுபடியும் செருமினார்.

"நேரம் ஆகலயா? தாலுகா ஆபீஸ்ல ஒருத்தர்ட்ட விசாரிச்சேன். நீ சொன்னதுதான் சரியாம். மேல சொல்லு."

அவருக்குச் சந்தேகம் தீர மகனிடம் கேட்டிருக்கலாம், மகனும் அதே ஆபீஸ்தான். மகனை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடிப் போய் விசாரித்திருக்கிறார். அதை நினைத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நாள் மனத்தாங்கல்.

ஜூன் மாசம் காலேஜ் திறந்ததும் அவள் மறுபடி பாடம் எடுத்துக் காட்ட வேண்டிய நாள் வந்தது. என் வீட்டுக்காரர் கூடப் போவதாக இருந்தது. தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நேரம், ஊர் ஊராக நிலக் கணக்குப் பார்ப்பார்கள், லீவு தர மாட்டார்கள். மாமாவுக்கு மகளை அன்றைக்குத் தனியே அனுப்ப மனசில்லை. ரெண்டு பேருமாகப் போய்விட்டு வாருங்கள் என்றார். என் சின்ன மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, நானும் கிளம்பினேன். வீட்டுக்காரர் இல்லாமல் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. ராஜபாளையம் தாண்டுகிற வரை அவள் நோட்டைப் பிரித்து, வாய்க்குள்ளேயே பாடம் சொல்லிக்கொண்டு வந்தாள். 

காலேஜ் வராந்தாவில் என்னை உட்காரச் சொன்னாள். ஆண் பிள்ளைகள் போவதும் வருவதுமாக இருந்ததால் எனக்கு அங்கே இருக்கக் கூச்சமாக இருந்தது. அவளே கடைசி பெஞ்சின் மூலையில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். அன்றைக்கு மூன்று பேர் பாடம் எடுத்தார்கள். முதலில் ஒரு பையன். கரும்பலகையிடமே பேசிக்கொண்டிருந்தான், அவன் முகம் எப்படி இருக்கும் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. அடுத்து ஒரு பெண். கேள்வி கேட்பாள், பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் அவளே பதிலும் சொல்லிவிடுவாள். மூன்றாவது எங்கள் வீட்டுப் பிள்ளை, நாத்தனார்.

மேஜைக்குப் பக்கத்தில் நின்றுதான் ஆரம்பித்தாள். குரல் சுமாராக இருந்தது. பயந்து பயந்து வாசலைப் பார்த்தாள். பேராசிரியர் வந்தார். செருமிக்கொண்டேதான் வந்தார். வேண்டுமென்று செய்தாரா, அவருக்குத் தொண்டையே அப்படியா, தெரியாது. எனக்கே பெஞ்சைவிட்டு எழுந்து எங்காவது ஒதுங்க வேண்டும்போல் இருந்தது. அவள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டாள். கதவைப் பார்த்து நடந்தாள்.

போச்சு என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் வந்தது, ஒரு மாசமாக மாமா உட்கார்ந்து கேட்டது, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

கதவருகே போனவள் நிலையில் தோளைச் சாய்த்து, பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினாள். பாதியில் விட்ட வாக்கியத்தை அங்கே நின்று முடித்தாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய உண்மையான குரல் வந்தது. வெளியே வராந்தாவில் போன பையன்கூட நின்று பார்த்துவிட்டுப் போனான். கரும்பலகையில் எழுத வேண்டியிருந்தால் விறுவிறு என்று போய் எழுதிவிட்டு, மறுபடி நிலைக்கே வந்துவிடுவாள். பாடம் முழுக்க அப்படியே. பேராசிரியரை அவள் பார்க்கவில்லை, கடைசி பெஞ்சைப் பார்த்தாள். கூடப் பழகுகிறவர்களில் ஒருவர், போன தடவை ஆசிரியரையே காணோம் என்று கேலி செய்தவராம், சோதிக்கிறதற்காக எழுந்து ரயத்துவாரியில் வரியை மாற்றவே மாட்டார்கள் இல்லையா என்றார். இல்லை, நீங்கள் சொல்கிறது ஜமீன் முறை என்று பட்டென்று திருத்தி, ரெண்டையும் திரும்பச் சொன்னாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

முடிந்ததும் குறை சொல்லச் சொன்னார்கள். ஒருவர், கரும்பலகை ஒரு மூலை, டீச்சர் ஒரு மூலை, ரெண்டையும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்றார். ஒருத்தி, டீச்சர் எந்த நேரமும் வீட்டுக்குக் கிளம்பப் போகிற மாதிரி இருக்கிறது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். யாரோ புதிதாகப் பழக வந்திருக்கிற ஆராய்ச்சி மாணவி என்று நினைத்துவிட்டார் போல. "நீங்க சொல்லுங்கம்மா, கடைசி பெஞ்சுக்குக் கேட்டுதா? என்ன விளங்குச்சு?" என்றார்.

எழுந்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். 

"கேட்டுது சார். எல்லாம் விளங்குச்சு. ஆனா நான் இத ஒரு மாசமா அடுக்களையில கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நான் அவளுக்கு மதினி."

வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டார். வீட்டில் யாரை உட்காரவைத்துப் பழகினாள் என்று கேட்டார். எங்க மாமாவ, அவ அப்பாவ என்றேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன். அவர் நாத்தனாரைப் பார்த்து, நிற்கிற இடம் சரியில்லை, அது போகப் போகச் சரியாகும், ஆகாவிட்டாலும் பரவாயில்லை, நான் வந்தேன், பாடம் நிற்கவில்லை, எனக்கு அதுதான் வேண்டும் என்று சொன்னார். வருகிற திங்கட்கிழமையில் இருந்து முதல் வருஷ பி.ஏ. வகுப்பை எடுத்துக்கொள் என்றார்.

அவள் அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். என்னைப் பஸ்ஸில் ஏற்றி, பக்கத்து சீட்டில் ஒரு வயசான அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். சங்கரன்கோவில் வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். மாமா வாசலிலேயே நின்றிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே என்ன ஆச்சு என்று கேட்டார். வேலை கிடைச்சிட்டு மாமா, திங்கட்கிழமையில இருந்து வகுப்பு என்றேன். அவர் தெருவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் நின்றிருந்தார். எத்தனை பிள்ளைகள் அந்த வகுப்பில் என்று கேட்டார். நான் எண்ணவில்லை. நிறையப் பேர் மாமா என்றேன். அப்ப அவ அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நாத்தனாரோ, அவளோடு அன்றைக்குப் பழகினவர்கள் யாராவதோ ஒருதரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இது நடந்தது, ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம் வேலைகளை அரசாங்கம் எடுத்துவிடுவதற்கு முந்தின வருஷமா, பிந்தின வருஷமா, எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்குப் பாடம் எடுத்தவர்கள் மூன்று பேரா நாலு பேரா, அவளுக்குக் கிடைத்தது முதல் வருஷ வகுப்பா ரெண்டாம் வருஷ வகுப்பா, பேராசிரியர் திங்கட்கிழமை என்றாரா புதன் என்றாரா, இதெல்லாம் தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.